துவிச்சக்கரவண்டியும் சம்பளச்சீட்டும்

எமது தாயகத்திலே ஏழை, செல்வர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் கைகொடுத்த வாகனம் துவிச்சக்கரவண்டியாகும். 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் அற்றுப்போனபோது, ஆசிரியரும் வைத்தியரும் விவசாயியும் அதனையே நம்பியிருந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்து சென்றதும் அதுவே. பிரித்தானியா வந்த எம்மவரிற் பலர் இன்று அதனை மறந்துவிட்டனர். ஆயினும், அதிகாலைத் துப்புரவு வேலைக்குச் செல்லவும், நள்ளிரவில் கடை பூட்டி வீடு திரும்பவும், பேருந்துக்காகக் குளிரிற் காத்துநிற்போர் எம்மிடையே இன்னும் உளர். அவர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

இந்நாட்டில் 1999ஆம் ஆண்டின் நிதிச்சட்டம் 'சைக்கிள் ரு வேர்க்' எனும் திட்டத்துக்கு வழிவகுத்தது. இதன்படி தொழில்தருநர் சைக்கிளையும் தலைக்கவசம், விளக்கு, பூட்டு போன்றவற்றையும் வாங்கித் தொழிலாளிக்கு வாடகைக்குக் கொடுப்பார். வரி கணிக்கப்படுமுன்னரே வாடகை சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். ஆகவே, அத்தொகைக்கு வருமானவரியும் இல்லை, தேசிய காப்புறுதியும் இல்லை. சைக்கிளைப் பெரும்பாலும் வேலைப்பயணத்துக்கே பயன்படுத்தல் வேண்டும்.

கணக்கைச் சற்று நோக்குவோம். சைக்கிளின் விலை 600 பவுண் எனக் கொள்வோம். இங்கிலாந்தில் 20 வீத வருமானவரியும் 8 வீதக் காப்புறுதியும் செலுத்துபவருக்கு 168 பவுண் மிஞ்சும். 40 வீத வரியும் 2 வீதக் காப்புறுதியும் செலுத்தும் உயர்சம்பளக்காரருக்கோ 252 பவுண் மிஞ்சும்.

எனினும், வாடகைக்காலம் முடிந்ததும் சைக்கிள் தானாகவே எமக்குச் சொந்தமாகிவிடாது. ஓராண்டு முடிவில் அதனை வாங்குவதாயின், வரித்திணைக்களத்தின் அட்டவணைப்படி அதன் பெறுமதி விலையில் 25 வீதம், அதாவது 150 பவுண். அதைச் செலுத்தினால் முதலாமவருக்கு மிஞ்சுவது வெறும் 18 பவுணே. நான்கு ஆண்டுகள் முடிந்தபின் வாங்குவதாயின் 7 வீதமான 42 பவுண் போதுமானது. இடையில் வேலையை விட்டு விலகினால், மீதி வாடகை வரிச்சலுகையின்றிக் கையிற் கிடைக்கும் சம்பளத்திலிருந்தே கழிக்கப்படும். ஆதலால், கையொப்பமிடுமுன் இவ்விரண்டையும் கேட்டறிதல் அவசியம்.

இவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. இத்தகைய கழிப்பினால் எவருடைய சம்பளமும் சட்டம் விதித்த ஆகக்குறைந்த மணித்தியாலச் சம்பளத்துக்குக் கீழே செல்லலாகாது. இவ்விதி தொழிலாளியைக் காக்கும் அரண். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதன் விளைவு யாது? அதிகம் உழைப்பவருக்கு 252 பவுண்; நடுத்தரத்தவருக்கு 168 பவுண்; அடிமட்டச் சம்பளம் பெறுபவருக்கு எதுவுமில்லை. பேருந்துக் கட்டணம் எவருக்குப் பெருஞ்சுமையோ அவருக்கே கதவு மூடப்பட்டுள்ளது. வரிச்சலுகையின் பயனைப் பெறமுடியாதவர்களுக்கு நேரடி உதவி வழங்குமாறு அரசைக் கோருவது நியாயமானது என்பதே எமது கருத்து.

அதுவரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. தொழில்தருநர் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்கள் மொத்தம் 10,000 பவுணுக்கு மேற்படாதவிடத்து, அச்சலுகைக்கு வரி அறவிடப்படுவதில்லை. உண்மையான கடனின் தவணையைச் சம்பளத்திற் கழிப்பது ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்துக்கும் முரணானதன்று. பணத்தைத் தொழிலாளியின் கையிற் கொடுத்து, சைக்கிளை அவரே வாங்கச் செய்து, உடன்படிக்கையை எழுத்தில் வைத்துக்கொண்டால் போதும். மாதம் 50 பவுண் வீதம் ஓராண்டில் 600 பவுண் தீர்ந்துவிடும். இதில் வரிச்சலுகை இல்லைத்தான். ஆயினும் வட்டிக்கடைக்குப் போகவேண்டியதில்லை.

கடைகளும் எரிபொருள் நிலையங்களும் நடத்தும் எம்மவர் பலர் இந்நாட்டில் உள்ளனர். ஒருவரையொருவர் நம்பிச் சீட்டுக் கட்டிப் பழகிய சமூகம் எம்முடையது. தம்மிடம் இரவுபகலாக உழைப்போருக்கு இந்தச் சிறுகடனைக் கொடுப்பது அம்முதலாளிமாருக்குப் பாரமாகாது. கேட்பதற்குத் தொழிலாளர் கூச்சப்படலாம். ஆதலால் முதலாளிமாரே முன்வந்து கேட்பார்களாக.