பீத்துணியின் கணக்கு

குழந்தைக்குக் கடையில் விற்கும் டயப்பர் கட்டுவதா, பழைய வேஷ்டியைக் கிழித்துத் துணி கட்டுவதா என்கிற விவகாரம் இன்று அநேக வீடுகளில் நடந்து வருகிறது. துணி கட்டினால் செலவே இல்லையென்றும், அது நம் முன்னோர் கண்ட சிக்கனமென்றும் வீட்டு ஆண்களும் பெரியவர்களும் சொல்லுகிறார்கள். இது வாஸ்தவந்தானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டயப்பர் 10 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 6 வேண்டும் என்றும் வைத்துக் கொள்வோம். மாதம் 1,800 ரூபாய். இரண்டரை வருஷத்துக்கு 54,000 ரூபாய். கூலிக் குடும்பத்துக்கு இது தாங்காத தொகை என்பதை நாம் மறுக்கவில்லை.

இனி துணிக்கு வருவோம். புதுத் துணிக்கு 2,000, சோப்புக்கும் தண்ணீருக்கும் மாதம் 200 வீதம் 6,000, ஆக 8,000 என்று கணக்கை மூடிவிட்டு, 46,000 ரூபாய் மிச்சம் என்று மீசையை முறுக்குகிறார்கள். ஆனால் அந்தத் துணியை அலசியது யார்? கசக்கியது யார்? பச்சை உடம்போடு கொடியில் உலர்த்தியது யார்? நாளைக்கு ஒரு மணி நேரம் என்றாலும் 900 மணி நேரமாயிற்று. மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 45,000. ஆகத் துணிச் செலவு 53,000. மிச்சம் ஆயிரந்தான்! வேலைக்காரிக்குக் கொடுத்தால் செலவு, பெண்டாட்டி செய்தால் சிக்கனம் என்பது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

முன்னோர் சிக்கனமும் இதுவேதான். பிள்ளை பெற்ற வீட்டுத் துணி தீட்டு என்று சொல்லி, அதை வண்ணாத்தியிடம் போட்டு, மிஞ்சின சோற்றைக் கூலியென்று கொடுத்தார்கள். ஒருத்தி கூலியை விழுங்கியதற்குச் சிக்கனம் என்று பேர் வைத்தார்கள்.

நிற்க, இதனால் டயப்பர் வியாபாரிகள் பரோபகாரிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1961-ல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் விற்பனைக்கு வந்தது முதல், தூக்கியெறியும் பழக்கம் உலகமெங்கும் பரவியது. அதிலுள்ள பிளாஸ்டிக்கும், ஈரத்தை உறிஞ்சும் ரசாயனத் தூளும் எளிதில் மக்குவதில்லை. உபயோகித்ததைச் சுற்றிப் போட வேண்டும், அதற்குக் கம்பெனிகள் பை கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்துக் குப்பை விதிகள் சொல்லின. ஆனால் சுற்றாமல் எறிகிற வீட்டின் மலத்தைத் துப்புரவுத் தொழிலாளியின் கையல்லவா பிரிக்கிறது? வண்ணாத்தி தலையிலிருந்த தீட்டு இவர் கைக்கு மாறியதுதான் நாகரிகமா?

பூமியைச் சூடாக்கும் கரிவாயுவையும் பிரிட்டிஷார் 2008-ல் கணக்கிட்டார்கள். இரண்டரை வருஷத்துக்கு டயப்பரால் 550 கிலோ, துணியால் சராசரி 570 கிலோ என்று கண்டார்கள். ஆனால் இயந்திரம் நிறையத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாம் குழந்தைக்கும் கட்டினால் துணிக் கணக்கில் 200 கிலோ குறையும் என்றும் கண்டார்கள். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே பகலில் துணி, இரவிலும் பிரயாணத்திலும் வேண்டுமானால் டயப்பர், எதைக் கட்டினாலும் நனைந்தவுடன் மாற்றுவது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. துணியே சிக்கனம் என்று சொல்லுகிற வாய்க்குச் சொந்தமான கைதான் அதை அலச வேண்டும். பிள்ளைக்குத் தன் பெயரை முன்னெழுத்தாக வைக்கத் தெரிந்த தகப்பனுக்கு அதன் துணியைக் கசக்கத் தெரியாதா? தெரியாது என்பவர், மாதம் 1,800 ரூபாயை மரியாதையாக எடுத்து வைக்கட்டும்.