ஜெம்பேக்கு மேடை, பறைக்குச் சுடுகாடா?

கோவையில் வசதியான தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஜெம்பே சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தட்டுகிறார்கள், பெற்றோர் வீடியோ எடுக்கிறார்கள். நல்லது. ஜெம்பேயோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்படியொரு பள்ளியில் பறையும் சொல்லித் தரலாமே என்று நாங்கள் கேட்டபோது வந்த பதில்: "அது சாவு மேளமாச்சுங்களே!"

ஆட்டுத்தோல் போர்த்திய ஆப்பிரிக்க மேளம் கலை. மாட்டுத்தோல் போர்த்திய நம் மேளம் தீட்டு. தீட்டு தோலில் இல்லை தோழர்களே, அடிக்கிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்ற கணக்கில் இருக்கிறது.

ஜெம்பேயையாவது முழுசாகச் சொல்கிறார்களா? மாலி, கினியா பகுதி மாண்டே மக்களின் மேளம் அது. ஒற்றை மரத்தைக் குடைந்து அதைச் செய்தவர்கள் 'நுமு' எனப்படும் கொல்லர்கள். பிறப்புவழித் தொழில், தங்களுக்குள்ளேயே மணம். 1958இல் விடுதலை பெற்ற கினியா, ஃபொதெபா கெய்த்தா தொடங்கிய ஆடற்குழுவைத் தேசியக் குழுவாக்கி உலகமெங்கும் அனுப்பியது. கிராமத்து மேளம் ஒரு நாட்டின் முகமானது.

இங்கே? திணைதோறும் உரிய கருப்பொருள்களில் பறையையும் எண்ணியது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று மண்ணுக்கொரு மேளம் சொன்ன மரபு இது. அதே மரபின் பெருமை பேசும் கொங்கு மண்ணில், தப்பட்டையை அருந்ததியர் தலையில் கட்டி, சாவுக்கும் நோம்பிக்கும் அடிக்க வைத்தார்கள். மேளம் வேண்டும், மேளக்காரர் ஓரமாக நிற்க வேண்டும்!

"சரி, காலனிப் பசங்களைக் கூப்பிடுங்க, அடிக்கட்டும்" என்பார்கள் சிலர். அதற்கு நாம் ஒருபோதும் ஒப்பக்கூடாது. அருந்ததியர் பிள்ளை மட்டும் அடித்து மற்றவர்கள் கைதட்டினால், ஊர்க்கட்டளை வகுப்பறைக்குள் வந்துவிட்டது என்றே பொருள். கவுண்டர் வீட்டுப் பிள்ளையும் தோளில் பறையை மாட்டட்டும். தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றட்டும். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துக் கை காய்க்கட்டும். சொல்லித் தருபவரை 'ஆசான்' என்று அழைத்து, ஜெம்பே பயிற்சியாளருக்குத் தரும் அதே சம்பளத்தைத் தரட்டும்.

இன்னொன்றும் வேண்டும். பிள்ளைகள் தங்கள் ஊரின் படத்தை வரையட்டும். மேளம் எந்தத் தெருவில் பிறந்தது, எந்தத் தெருமுனையில் நிறுத்தப்பட்டது, யார் செருப்பைக் கழற்றினார்கள் என்று குறிக்கட்டும். மண்ணை அறிவது என்றால் அதுதான்.

மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. டெல்லி வரை போய்விட்டது பறை. நம் பக்கத்துப் பள்ளியின் கேட்டைத் தாண்டவில்லை. அந்தக் கேட்டில் போய்க் கேள்வி கேட்பது நம் வேலை.