நரையா, பாஸ்போர்ட்டா?

"அறுபதை நெருங்கிய ஆங்கில ஆசிரியரை வெளிநாட்டில் யார் சேர்ப்பார்கள்? வணிக ஆங்கிலம் இளசுகளின் வேலை" என்கிறார்கள். விசாவுக்கு வயது வரம்பு வைத்த நாடுகள் உண்டு. மற்றதெல்லாம் தப்புக் கணக்கு.

1. தமிழக அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60 ஆக்கியது. அரசாணை வந்ததும் மூளைக்கும் இரண்டு வருடம் கூடியதா?

2. தென்கொரியாவில் மொழி கற்பிப்பதற்கான இ-2 விசா பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கே; அதில் இந்தியா இல்லை. ராணிப்பேட்டையின் 25 வயதுக்காரருக்கும் அந்தக் கதவு எளிதில் திறக்காது. இதில் நரை எங்கே வந்தது?

3. வணிக ஆங்கிலம் என்பது உச்சரிப்பு அல்ல. எல்.சி.யில் (பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதத்தில்) தோல் 'கிரஸ்ட்' (இறுதி மெருகு இடாதது) என்றிருக்க, இன்வாய்ஸில் 'ஃபினிஷ்டு' (மெருகு முடிந்தது) என்று அடித்தால் வங்கி பணத்தை நிறுத்திவிடலாம். தோல் பதனிடும் ஷாப்புக்காரர்களோடு பழகிய ஆசிரியருக்கு அந்த ஒரு சொல்லின் விலை தெரியும். நேற்று சான்றிதழ் வாங்கியவருக்கு?

பிறந்த தேதியைக் கேட்காதீர்கள். அந்த இன்வாய்ஸைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.