கோட்டைத் தாண்டினால் லேப் டைம் செல்லுமா? - ‘ட்ராக் லிமிட்ஸ்’ சர்ச்சையும் நியாயமும்

“சென்னையில கிளம்பி மூணே மணி நேரத்துல சிறுவாச்சூர் வந்துட்டேன், தெரியுமா?”

வெள்ளிக்கிழமை மதுரகாளியம்மன் கோயிலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் இப்படியொரு பேச்சு காதில் விழலாம். தூரம் சுமார் 270 கி.மீ. திருமாந்துறை டோல்கேட்டில் நின்றது, டீ குடித்தது எல்லாம் சேர்த்தே சராசரி 90 கி.மீ. வேகம். நடுவில் எவ்வளவு விரட்டியிருப்பார், லாரிகளை முந்த சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எத்தனை முறை இறங்கியிருப்பார்? விதிப்படி நிதானமாக ஓட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரைவிட இவர் நல்ல டிரைவரா?

ஃபார்முலா 1 ரசிகர்கள் வருஷக்கணக்கில் சண்டை போடுவதும் இதே கேள்விக்காகத்தான். அங்கே அதற்குப் பெயர் ‘ட்ராக் லிமிட்ஸ்’.

விதி என்ன சொல்கிறது?

ரேஸ் டிராக்கின் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு இருக்கும். கோடும் டிராக்கில் சேர்த்திதான். அதற்கு அப்பால் உள்ள சிவப்பு-வெள்ளை கெர்ப் சேர்த்தி இல்லை. காரின் ஒரு டயராவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. நான்கும் வெளியே போனால், அந்த லேப் டைம் அழிக்கப்படும். பந்தயத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் எச்சரிக்கை, பிறகு நேர அபராதம்.

வெளியே போனால் என்ன லாபம்? வளைவை அகலமாக எடுக்கலாம். ஸ்டீயரிங்கைக் குறைவாகத் திருப்பினால் போதும், ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரமே மிதிக்கலாம். அந்தக் கூடுதல் வேகம் அடுத்த நேர்ச்சாலை முழுக்கக் கூடவே வரும். கிடைப்பது நொடியில் ஒரு சிறு பின்னம்தான். ஆனால் 2024 கனடா தகுதிச் சுற்றில் ரஸல், வெர்ஸ்டாப்பன் இருவரின் நேரமும் 1 நிமிடம் 12.000 நொடி. அந்த நேரத்தை முதலில் பதிவுசெய்ததால் ரஸலுக்கு முதலிடம் கிடைத்தது. இப்படிப்பட்ட விளையாட்டில் சிறு பின்னமும் பெரிய விஷயம்.

ஒரே வளைவு, இரண்டு நியாயம்

2021 பஹ்ரைன் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். நான்காவது வளைவில் வெளியே போனால் தகுதிச் சுற்றில் நேரம் அழிக்கப்பட்டது. பந்தயத்தின்போது அதே இடத்தில் லேப் டைமுக்கு அந்தக் கண்காணிப்பு இல்லை. ஹாமில்டன் பல சுற்றுகளில் அங்கே அகலமாகப் போய்வந்தார். கடைசிக் கட்டத்தில் வெர்ஸ்டாப்பன் அதே வளைவில் வெளியே போய் அவரை முந்தினார். முந்துவதற்கு அந்தச் சலுகை கிடையாது என்பதால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஹாமில்டன் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தார். ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

2022-ல் ‘எல்லா வளைவிலும் வெள்ளைக் கோடுதான் எல்லை’ என்று முடிவானது. அதோடு சிக்கல் தீரவில்லை. 2023 ஆஸ்திரியா தகுதிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முதலிடம்; அதே அணியின் அதே காரை ஓட்டிய பெரெஸ், நேரங்கள் அழிக்கப்பட்டதால் 15-வது இடம். பந்தயத்தில் சந்தேகத்துக்குரிய மீறல்கள் மட்டும் 1,200-க்கு மேல். எல்லாவற்றையும் உடனே சரிபார்க்க முடியாமல், பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து முடிவுகள் மாறின. நான்காவதாக வந்த சாயின்ஸ் ஆறாவது ஆனார்.

‘இம்மியளவு தாண்டியதற்கு இவ்வளவு தண்டனையா?’ என்று கேட்பவர்கள் நீளம் தாண்டுதலைப் பார்க்கட்டும். தேசிய சாதனையாக 8.42 மீட்டர் தாண்டியவர் நம்ம தமிழ்நாட்டு ஜெஸ்வின் ஆல்ட்ரின். பலகையின் கோட்டைக் கால் தாண்டியிருந்தால் அந்தத் தாவல் கணக்கிலேயே வராது. எவ்வளவு அழகான தாவல் என்பது அங்கே வாதமே இல்லை. லேப் டைமும் அப்படித்தான். கோட்டுக்கு வெளியே எடுத்த நேரம் வேறொரு டிராக்கில் எடுத்த நேரம். அதை இந்த டிராக்கில் ஓட்டியவரின் நேரத்தோடு ஒப்பிட முடியாது.

கேமராவா, ஜல்லியா?

என் கட்சி இதுதான்: கோடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், தாண்டினால் நஷ்டம் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். 2024-ல் ஆஸ்திரிய டிராக்கின் கடைசி இரண்டு வளைவுகளின் ஓரத்தில் ஜல்லிப் பட்டை போட்டார்கள். வெளியே போனால் வேகம் குறையும் என்று தெரிந்ததும் மீறல்கள் வெகுவாகக் குறைந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் இரவுப் பந்தயம் நடந்தது. அங்கே பெரும்பாலான வளைவுகளில் கோட்டுக்கு அந்தப் பக்கம் தடுப்புச் சுவர். மீறினால் கார்தான் நொறுங்கும்.

எல்லா இடத்திலும் ஜல்லி போட முடியாது என்பதும் நிஜம். பைக் பந்தயமும் நடக்கும் டிராக்கில், பைக் வீரர்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். அங்கே கேமராவும் சென்சாரும்தான் வழி. ஆனால் தீர்ப்பு பந்தயத்துக்குள்ளேயே வர வேண்டும்.

கோட்டுக்குள் ஓடினால் மட்டும் போதுமா?

அதுவும் போதாது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011, 2012 ஆஸ்திரேலியப் பந்தயங்களில் களமிறங்கவே முடியவில்லை. காரணம் 107 சதவீத விதி: முதல் தகுதிச் சுற்றின் வேகமான நேரம் 90 நொடி என்றால், நீங்கள் 96.3 நொடிக்குள் வர வேண்டும். இரண்டு ஆண்டுகளும் அவருடைய ஹெச்.ஆர்.டி. அணியின் சக வீரரும் அதே விதியால் வெளியேறினார். அப்படியென்றால் அந்த நேரம் டிரைவரைவிடக் காரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ‘இவர்தான் வேகம்’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். கோட்டுக்குள் எடுத்த நேரமா? அதே மாதிரி காரா? டயரும் டிராக்கின் ஈரமும் ஒன்றா?

சிறுவாச்சூருக்கு மூன்று மணி நேரத்தில் வந்தவரிடம் முதல் கேள்வி மட்டும் போதும். அவருடைய நேரத்தை அழிக்க நெடுஞ்சாலையில் நடுவர் இல்லை. அவர் கோட்டைத் தாண்டி இறங்கிய இடத்தில் ஜல்லியும் தடுப்புச் சுவரும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்கள் நிற்கிறார்கள்.