உம்மாவின் இடுப்புக்குள் என்ன வைத்தார்கள்?



ஜும்ஆவுக்குப் போனால் கதிரையில் இருந்து தொழும் பெரியவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் சிலர் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள். சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்கிறோம், துஆச் செய்கிறோம். உள்ளே வைத்த மூட்டு எது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். 2010 ஓகஸ்டில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம், ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அதன் பந்தும் கிண்ணமும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். இரண்டும் உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்தன. பலருக்கு மூட்டைச் சுற்றிய தசையும் எலும்பும் பழுதாகின. சிலருக்குக் கட்டி போல வீக்கம் வந்தது. கோபால்ட் இரத்தத்தில் கூடி, அரிதாகக் காது, கண், இதயம் வரைக்கும் பாதிப்பு போனது.

பக்கத்து நாடான இந்தியாவில் சுமார் 4,700 சத்திரசிகிச்சைகள். அவர்களில் 3,600க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2018இல் வெளிவந்த அரச நிபுணர் குழு அறிக்கை சொன்னது. தன் உடம்பில் இருப்பது அந்த மூட்டுத்தான் என்று தெரியாமலே எத்தனை பேர் வலியோடு இருந்திருப்பார்கள்!

பயப்படுத்த இதை எழுதவில்லை. இன்று பெரும்பாலும் உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுக்கள் வைக்கப்படுவதில்லை. மூட்டு மாற்றியதால் நிம்மதியாக நடப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இரண்டு விடயங்களை நாம் செய்யலாம்.

ஒன்று, மூட்டின் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் நிறுவனத்தின் பெயரும் தொகுதி இலக்கமும் இருக்கும். அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, டயக்னோசிஸ் காட்டோடு வைப்போம். போனில் ஒரு படமும் எடுத்து வைப்போம்.

மற்றது, மூட்டு மாற்றியவருக்குத் தொடை இடுக்கில் வலி, வீக்கம், நடக்கும்போது சத்தம் வந்தால் “வயசுக்கு அப்படித்தான்” என்று சொல்லிவிட வேண்டாம். கிளினிக்குக் கூட்டிப் போவோம். எக்ஸ்ரேயில் மட்டும் எல்லாம் தெரியாது. எந்த மூட்டு என்று தெரிந்தால்தான் இரத்தப் பரிசோதனையா, ஸ்கேனா என்று வைத்தியரால் தீர்மானிக்க முடியும்.

பிள்ளையின் ஓஎல் பெறுபேற்றை லெமினேட் பண்ணி அலுமாரியில் வைக்கிறோம். உம்மாவின் உடம்புக்குள் இருப்பதன் பெயர் எழுதிய துண்டை மட்டும் ஏன் குப்பையில் போடுகிறோம்?

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பைலைத் தேடிப் பார்ப்போம்.