பூஜ்யம் சொன்ன பொய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாம் வகுப்பு வாசிக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாண்டான் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அவன் தகப்பனாருக்கு வேலை. பையனுக்கோ கம்பியும் பாட்டரியும் கிடைத்துவிட்டால் சாப்பாட்டு நினைவே இராது. முதல் நாள்தான் புறநகர் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ரிச்சித் தெருவில் 250 ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் வாங்கி வந்திருந்தான். அவன் முகத்திலேதான் எத்தனை பெருமிதம்!

"ஸார், மின்விசிறி சுவிட்சு ஆடுகிறது என்றீர்களே, பார்த்துத் தருகிறேன்" என்றான். வாசற்பக்கத்துப் பெட்டியில் ஒரு சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, பலகையைத் திறந்து, மீட்டரின் இரு முனைகளையும் உள்ளே வைத்தான். மூன்று பூஜ்யங்கள் தெரிந்தன. "கரண்ட் இல்லை, ஸார்!" என்று சொல்லிக்கொண்டே விரலை உள்ளே கொண்டுபோனான்.

எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்த பழைய டெஸ்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது! பையன் அணைத்தது அடுத்த அறையின் சுவிட்சு. மீட்டரின் கறுப்புக் கம்பியோ, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அதைச் சற்று முறுக்கிப் பிடித்ததும் 236 என்று எண் தோன்றியது. எங்கள் இருவருக்கும் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "மலிவுச் சரக்கு என்றால் இப்படித்தான்; குப்பையில் எறியுங்கள்" என்றார். அவ்வாறு ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற மூன்றையும் அளக்க வெவ்வேறு கருவிகளைச் சுமந்து அலுத்துப்போன டொனால்டு மக்காடி என்ற பிரிட்டிஷ் தபால் இலாகா என்ஜினீயரின் யோசனையில் பிறந்ததுதான், 1923-ல் விற்பனைக்கு வந்த 'ஆவோமீட்டர்'. நம் நாட்டிலும் இத்தொழில் வளர்ந்தது. 1930-களில் காங்கிரஸ் மகாசபைக் கூட்டங்களில் தலைவர்களின் குரலை ஜனங்களிடம் கொண்டு சேர்த்தவை, நானிக் மோட்வானேயின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள் அல்லவா? அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய மல்ட்டிமீட்டர்கள் பின்னர் நாசிக்கில் தயாராயின. ஆயினும் நல்ல மீட்டர் என்பது வெகுகாலம் பள்ளிப் பையனுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. இன்று அது அவன் சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது. இது சாமானிய விஷயமன்று.

ஆகவே, மறுநாள் மாலை புதுக் கம்பிகளை மாட்டி, பையனுடைய மீட்டரைப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த மீட்டருக்கு அருகே வைத்துப் பரீக்ஷை நடத்தினோம். இது '830' என்னும் ரகம். எத்தனையோ பெயர்களில் விற்பது. புது பென்டார்ச்சு செல் ஒன்றுக்குப் பெரியது 1.588 வோல்ட் என்றது; சிறியது 1.59 என்றது. 1000 ஓம் தடைக்கு முறையே 999, 997. பாட்டரி வேலைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பிறகு அதன் பலவீனத்தையும் பார்த்தோம். பத்து லட்சம் ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து, 9 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் இருக்கவேண்டும். சிறிய மீட்டர் 3 வோல்ட்தான் காட்டியது. பெரியது ஏறக்குறைய 4.3 காட்டியது. காரணம், சிறியதன் சொந்தத் தடையே பத்து லட்சம் ஓம்தான். பெரியதற்கு ஒரு கோடி. பாலின் அளவைப் பார்க்கப் போனவன் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு அளவு சொன்ன கதைதான் இது!

வீட்டு மின்சாரத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த ரகத்தின் குறிப்புத் தாளிலே, மாறுதிசை வோல்ட்டுக்குப் பிழை 1.2 சதவீதமும் அதற்குமேல் 10 இலக்கமும் என்று போட்டிருக்கிறது. அதாவது 230 வோல்ட்டை அது 217 என்றாலும் சரி, 243 என்றாலும் சரி, சொன்ன வாக்குத் தவறியதாகாது.

பிழையைப் பொறுக்கலாம், அபாயத்தைப் பொறுக்கலாகாது. 10 ஆம்பியர் துவாரத்துக்குப் பக்கத்தில் 'பியூஸ் இல்லை' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். கம்பியை மறதியாய் அதில் செருகிவிட்டுச் சுவரில் வைத்தால், நேரே குறுக்குச் சுற்றுத்தான். சில மீட்டர்களின் முகப்பில் 'காட் 3, 600 வோல்ட்' என்றும் காணலாம். சர்வதேசத் தரமான 61010-ன்படி, அந்த முத்திரைக்கு உரிய கருவி 6000 வோல்ட் திடீர் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். முத்திரை குத்த மசி போதும். அதிர்ச்சியைத் தாங்க உள்ளே சரக்கு வேண்டும்.

ஆகையால் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு என் யோசனை இது: குழந்தை இதைக் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். செல், பாட்டரி, சிறு விளக்கு, ரேடியோச் சுற்று ஆகியவற்றுக்கு இது நல்ல தோழன். ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு, கம்பியை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் துள்ளினால் கம்பி பழுது. பாட்டரி அடையாளம் தோன்றியதும் பாட்டரியை மாற்றச் சொல்லுங்கள். சுவர் மின்சாரத்துக்கு மட்டும் இந்த மீட்டர் வேண்டாம். அது பியூஸ் உள்ள நல்ல மீட்டரும், தொழில் தெரிந்த பெரியவரும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். அந்தப் பெரியவருங்கூட, மின்சாரம் இருப்பதாக நிச்சயம் தெரிந்த இடத்தில் முதலில் மீட்டரைச் சோதித்து, பிறகு சந்தேகமான இடத்தைப் பார்த்து, மீண்டும் தெரிந்த இடத்தில் சோதிக்கவேண்டும். மூன்று தடவை பார்த்த பிறகே பூஜ்யத்தை நம்பலாம்.

பையன் தன் மீட்டரின் முதுகிலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: 'சுவர்ப் பக்கம் போகாதே.' அது மீட்டருக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை.