கோ-வை நம்பினா கோவிந்தா!

மக்கா, ஒரு வாரமா வயித்தெரிச்சல். 'கன்கரன்சியா? கோ-ல எழுது, ரொம்ப சுலபம்'னு எவனைப் பாத்தாலும் இதே பாட்டு. ஆமாய்யா, ஃபங்ஷனுக்கு முன்னாடி 'கோ'ன்னு போட்டா கோரூட்டீன் கிளம்பிடும். ஆரம்ப ஸ்டாக் வெறும் 2 கிலோபைட், லட்சக்கணக்குல கிளப்பலாம். கிளப்புறதா கஷ்டம்?

ரெண்டு கோரூட்டீன் ஒரே நேரத்துல ஒரே மாறியில எழுதினா கம்பைலர் வாயே திறக்காது. ரேஸ் டிடெக்டர் இருக்கே என்பீர்கள். ஓடின பாதையில நடந்த தப்பை மட்டும்தான் அது பிடிக்கும். எங்க டிக்கெட் எண்ணிக்கை ரெண்டு மாசம் தப்பாக் காட்டினது இப்படித்தான்.

ரஸ்ட்டைப் பாருங்க. பூட்டு கீட்டு இல்லாம பகிர்ந்த மாறியில எழுதினா, 'அன்சேஃப்' போடாத வரை கம்பைலே ஆகாது. டெட்லாக்கைத் தடுக்காது, ஒத்துக்கறேன். 1980களிலேயே எரிக்சன்காரர்கள் எர்லாங்கில் பிராசஸ்களுக்குத் தனித்தனி நினைவகம் கொடுத்துவிட்டார்கள். செய்தி அனுப்பு, அவ்வளவுதான். 2023-ல் வந்த ஜாவா 21 லேசான இழைகளைக் கொடுத்தது, பகிர்ந்த நினைவகத் தலைவலி அப்படியே இருக்கு.

என் கட்சி இதுதான்: எத்தனை இழை ஓட்டுறேங்கறது பெருமையில்ல. தப்பை எப்போ சொல்றே? கம்பைல் பண்ணும்போதா, ராத்திரி 2 மணிக்கா?

மறுப்பவர்கள் பின்னூட்டத்துக்கு வாங்க, கும்மிடலாம் :-)